வலி நின்றால் போதாது: பனிச்சறுக்கில் கிழிந்த முழங்காலோடு மீண்டும் மலைக்குப் போகும் வழி

பனிச்சறுக்கில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலரும் ஒரே கதையைச் சொல்வார்கள்: "விழுந்தபோது வேகமே இல்லை." எனக்கும் அப்படித்தான் நடந்தது. சுவிற்சர்லாந்தின் பேர்ண் மாநிலத்து மலைப்பகுதியில், நான் சறுக்கப் பழகிய மூன்றாவது குளிர்காலம், பிற்பகலின் கடைசிச் சுற்று. அடிவாரம் கண்ணுக்குத் தெரிந்தது. பின்பக்கம் சரிந்தேன், விழாமல் எழும்பப் பார்த்தேன், இடது முழங்காலுக்குள் காய்ந்த சுள்ளி முறிவது போல ஒரு சத்தம். ஐந்து நிமிடத்தில் வலி அடங்கியது. ஒன்றுமில்லை என்று எழுந்து நின்றேன். முதல் திருப்பத்திலேயே மேல்கால் ஒரு பக்கமும் கீழ்க்கால் ஒரு பக்கமுமாக விலகியது.

சுவிற்சர்லாந்தில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளிக்கூட ஸ்கீ முகாமிலேயே சறுக்கப் பழகிவிடுகிறார்கள். அவர்களைப் பார்த்து முப்பத்தைந்து, நாற்பது வயதில் பலகை மாட்டும் பெற்றோர் இப்போது அதிகம். அவர்களில் அடிபட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெரும்பகுதி முழங்காலின் முன் சிலுவை இணையத்தைப் பற்றியது. இணையம் என்பது எலும்பை எலும்போடு கட்டிவைக்கும் நார்ப்பட்டை. மருத்துவர்கள் ஏ.சி.எல். என்பதும், ஜெர்மன் பேசும் ஊர்களில் குரொய்ட்ஸ்பாண்ட் என்பதும், தமிழகத்தில் பொதுவாக "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்பதும் இதைத்தான். பனிச்சறுக்குக் காயங்களில் அதிகம் அடிபடுவது முழங்கால். அதில் மிக நீண்ட பொறுமையைக் கேட்பது இந்த இணையம்.

சரிவிலேயே செய்ய வேண்டியவை

விழுந்த இடத்தில் முதலில் செய்யக்கூடாத ஒன்றைச் சொல்கிறேன்: சறுக்கியபடி இறங்கிப் போகாதீர்கள். சத்தம் கேட்டிருந்தாலும், முழங்கால் நழுவிய உணர்வு இருந்தாலும், வலி குறைந்துவிட்டது என்பதற்காகப் பலகையை மீண்டும் மாட்டக்கூடாது. இணையம் மட்டும் கிழிந்திருக்கும் முழங்காலில், அடுத்த நழுவல் மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்புத் தட்டையும் கிழித்துவிடலாம். அந்தத் தட்டு போனால் பின்னாளில் மூட்டுத் தேய்மானம் சீக்கிரம் வரும்.

மேலிருந்து வருபவர்களுக்குத் தெரியும்படி உங்களுக்கு மேற்பக்கமாகப் பலகைகள் இரண்டையும் பெருக்கல் குறி போலப் பனியில் குத்தி வையுங்கள். சரிவு மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள். அவர்களின் எண் சரிவின் வரைபடத்திலும் லிஃப்ட் நிலையங்களிலும் இருக்கும். அது கிடைக்காவிட்டால் சுவிஸில் 144 மருத்துவ அவசர எண், 1414 ரேகா ஹெலிகொப்டர் மீட்புச் சேவையின் எண். சரிவோரத்துக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணை வாசித்துச் சொன்னால் உங்களைக் கண்டுபிடிப்பது எளிது. வேறொருவர் வந்து மோதியிருந்தால் அவருடைய பெயரையும் முகவரியையும் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்தில் தொடர்புடையவர்களும் சாட்சிகளும் தங்கள் விபரத்தைத் தர வேண்டும் என்பது சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் பத்து விதிகளில் கடைசி விதி.

கால் பாதம் குளிர்ந்து வெளிறினால், மரத்துப்போனால், காலின் வடிவமே கோணலாகத் தெரிந்தால், நான்கு எட்டுக்கூட வைக்க முடியாவிட்டால், முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சில மணி நேரத்துக்குள் முழங்கால் பந்து போல வீங்கினால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். இணையக் கிழிவின் பலமான அறிகுறி அது.

முதல் சில நாட்கள்

துணியில் சுற்றிய பனிக்கட்டி, ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம். அழுத்தமான கட்டு. படுக்கும்போது கால் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி தலையணை. ஊன்றுகோல். முதல் நாட்களுக்கு இவ்வளவு போதும்.

என் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் முறிவு நெறிவு வைத்தியரின் எண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொன்னார். அவருடைய அக்கறை எனக்கு மருந்துதான், ஆனால் அந்த வாரத்தில் எண்ணெய் தேய்க்கவில்லை. புதுக் காயத்தில் சூடும் அழுத்தித் தேய்ப்பதும் வீக்கத்தையும் இரத்தக் கசிவையும் கூட்டும். இதை வீட்டில் பெரியவர்களுக்கு மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்.

வீங்கிய முழங்காலை முதல் நாளில் கையால் அசைத்துச் சோதிப்பது மருத்துவருக்கும் கடினம். அதனால் சில நாட்கள் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள், எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்று சொல்லப்பட்டால் எலும்பு முறியவில்லை என்றுதான் பொருள். எக்ஸ்ரேயில் இணையம் தெரியாது. எனக்கு ஒரு சிகிச்சையகத்தில் அப்படிச் சொல்லி அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து வேறிடத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில்தான் முழுக் கிழிவு தெரிந்தது. முழங்கால் நழுவுகிறது என்றால் அந்தச் சொல்லையே சொல்லி எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். உங்களுக்கு ஜெர்மனோ பிரெஞ்சோ தடுமாறினால் பிள்ளையை அல்லது ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போவதில் வெட்கமே வேண்டாம்.

காப்புறுதியை அதே வாரத்தில் முடியுங்கள்

சுவிஸில் ஒரே முதலாளியிடம் வாரத்துக்குக் குறைந்தது 8 மணி நேரம் வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்தும் கட்டாய விபத்துக் காப்புறுதிக்குள் வரும். பனிச்சறுக்கும் அதில் அடக்கம். அடிபட்டதும் முதலாளிக்கு அறிவியுங்கள். படிவத்தை அவர்தான் அனுப்ப வேண்டும். விபத்து நாளுக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து காப்புறுதி செய்யப்பட்ட சம்பளத்தில் 80 சதவீதம் நாட்கொடுப்பனவாக வரும். சிகிச்சைச் செலவில் உங்கள் பங்கு என்று எதுவும் வெட்ட மாட்டார்கள்.

வேலைக்குப் போகாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கிரங்கன்காசே என்று நாம் சொல்லும் மருத்துவக் காப்புறுதியில் விபத்துப் பகுதி சேர்ந்திருக்க வேண்டும். வேலையில் இருந்தபோது அதை நீக்கிவிட்டுப் பிறகு வேலையை விட்டவர்கள் அதை மீண்டும் சேர்க்க மறந்துபோவது நம்மிடையே நடக்கிறது. மலைக்குப் போகும் முன்பே இதைப் பார்த்துவையுங்கள்.

சமையற்கூடம், முதியோர் இல்லம், துப்புரவு என்று நாள் முழுக்க நின்று செய்யும் வேலையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் வேலையின் தன்மையை விபரமாகச் சொல்லுங்கள். வேலை செய்ய முடியாத நிலையைச் சான்றிதழில் சதவீதமாக எழுதுவார்கள். முழு ஓய்விலிருந்து ஒரே நாளில் முழு வேலைக்குத் தாவ வேண்டியதில்லை, 50 சதவீதத்தில் தொடங்கலாம்.

சத்திரசிகிச்சை வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டாம். சுவீடனில் 121 இளம் வயதினரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வு இதில் முக்கியமானது. ஒரு பிரிவினருக்கு உடனே சத்திரசிகிச்சை, மற்றப் பிரிவினருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு சத்திரசிகிச்சை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். பயிற்சியோடு தொடங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கத்தியே தேவைப்படவில்லை.

ஆனால் தைக்கக்கூடிய மெனிஸ்கஸ் கிழிவு சேர்ந்திருந்தால், பல இணையங்கள் ஒன்றாகப் போயிருந்தால், பயிற்சிக்குப் பிறகும் அன்றாட நடையில் முழங்கால் நழுவினால், மருத்துவர் சத்திரசிகிச்சையைச் சொல்வார். கிழிந்ததைப் பெரும்பாலும் தைப்பதில்லை. உங்கள் பின்தொடையிலோ, முழங்கால் சில்லுக்குக் கீழோ மேலோ உள்ள தசைநாணிலிருந்து (தசையை எலும்போடு இணைக்கும் நார்) ஒரு துண்டை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் புது இணையமாகப் பொருத்துவார்கள்.

எந்த வழியில் போனாலும் அவசரம் வேண்டாம். வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்டு, தொடைத் தசை விழித்த பிறகு சத்திரசிகிச்சைக்குப் போனவர்களே பின்னால் சிரமம் குறைவாக மீள்கிறார்கள்.

முதல் ஆறு வாரம்: நீட்டுவதுதான் வேலை

புதியவர்கள் மடக்குவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நீட்டுவதுதான் முக்கியம். மற்றக் காலைப் போல முழுதாக நீளாத முழங்கால் நொண்டி நடையைப் பழக்கிவிடும். அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் போகாது. குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து முழங்காலைத் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் இருங்கள், ஒரு நாளில் பல தடவை. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துத் தூங்குவது சுகமாக இருக்கும், ஆனால் அதைச் செய்யாதீர்கள். அது காலை மடங்கிய நிலையிலேயே இறுக வைக்கும்.

அடுத்தது முன்தொடைத் தசை. காயத்துக்குப் பிறகு அது தூங்கிப்போகும், மூளை சொன்னாலும் இறுகாது. காலை நீட்டி வைத்து முழங்கால் சில்லு மேலே இழுபடும்படி தொடையை இறுக்கி ஐந்து வினாடி பிடியுங்கள். காலை நீட்டியபடி தூக்கும்போது முழங்கால் தொய்யாமல் இருந்தால் தசை திரும்பிவிட்டது. நொண்டாமல் நடக்க முடிந்த நாளில்தான் ஊன்றுகோலை விட வேண்டும். நொண்டிக்கொண்டு கோலில்லாமல் நடப்பதைவிடக் கோலோடு நேராக நடப்பது நல்லது.

சம்மணம் போட்டு உட்காருவதைப் பற்றி நம் ஆட்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கோயிலில் தரையில் உட்கார முடியாமல் நாற்காலியில் இருப்பது எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. மெனிஸ்கஸ் தைத்திருந்தால் முதல் வாரங்களில் ஆழமாக மடக்கவே கூடாது. எத்தனை பாகை வரை, எத்தனை வாரம் என்பதைச் சத்திரசிகிச்சை செய்தவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தைக்காவிட்டாலும் சம்மணத்தையும் குந்தி இருப்பதையும் வலிந்து வரவழைக்க வேண்டாம். மாதங்கள் போக அது தானாக வரும்.

இந்த வாரங்களில் கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி வலித்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள், இரத்தக் கட்டியாக இருக்கலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 144.

மூன்றாம் மாதமும் ஐந்தாம் மாதமும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

சத்திரசிகிச்சை நடந்து மூன்று மாதம் ஆனதும் முழங்கால் வலிக்காது. படி ஏறுவீர்கள், சைக்கிள் மிதிப்பீர்கள், பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு ஓடியும் பார்ப்பீர்கள். ஜனவரியில் சத்திரசிகிச்சை நடந்திருந்தால் அது ஈஸ்டர் காலம், உயரமான இடங்களில் பனி இன்னும் இருக்கும். சுவிஸின் சேர்மாட் பனியாற்றில் வருடம் முழுவதும் சறுக்கலாம். மனம் போகச் சொல்லும்.

உள்ளே நடப்பது வேறு. பொருத்திய தசைநாண் துண்டு முதலில் இரத்த ஓட்டத்தை இழக்கிறது. பிறகு புது இரத்தக் குழாய்களும் உயிரணுக்களும் அதற்குள் நுழைந்து, பழைய நாரைக் கரைத்து, இணையமாகத் திருத்திக் கட்டுகின்றன. பழைய வீட்டைப் பாதி இடித்துவைத்துப் புதுச் சுவர் எழுப்பும் காலம் அது. சத்திரசிகிச்சை நடந்த நாளில் இருந்ததைவிட அந்தத் துண்டு பலவீனமாக இருக்கும் காலமும், வலி முற்றாக விட்டுப்போகும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. வலி இல்லை என்பதை வைத்து முடிவெடுத்தவர்கள் மறுபடி ஊன்றுகோலுக்குப் போவது இதனால்தான்.

நோர்வேயையும் அமெரிக்காவின் டெலவேரையும் சேர்ந்த ஆய்வாளர்கள், சட்டென்று திசை மாற்றித் திரும்பும் விளையாட்டுகளுக்குத் திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து 2016இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒன்பதாம் மாதம் வரை, திரும்புவதை ஒரு மாதம் தள்ளிப்போடும் ஒவ்வொரு தடவையும் மறுகாய வீதம் 51 சதவீதம் குறைந்தது. பொறுமைக்கு இவ்வளவு பெரிய கூலி கிடைப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை லிண்ட்சி வோனின் கதையையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2013 பெப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங்கில் நடந்த உலகப் போட்டியில் வலது முழங்காலின் இணையங்கள் கிழிந்தன. அந்த நவம்பரில் பயிற்சியில் விழுந்து, பொருத்திய இணையம் மறுபடி கிழிந்தது. 2014 சோச்சி ஒலிம்பிக் கைவிட்டுப்போனது. பிறகு பொறுத்திருந்து 2014 டிசம்பரில் கனடாவின் லேக் லூயிஸில் வென்றார், அடுத்த மாதமே பெண்களுக்கான உலகக் கோப்பை வெற்றிச் சாதனையை முறியடித்தார். உலகின் சிறந்த மருத்துவக் குழு பக்கத்தில் இருந்தவருக்கே அந்த நவம்பர் வந்தது.

இந்த மாதங்களில் செய்ய வேண்டியது தசையை வளர்ப்பது. பிசியோதெரபி பரிந்துரை ஒன்றுக்கு சுவிஸில் ஒன்பது அமர்வுகள்தான் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் சிகிச்சையாளர் உங்களோடு இருப்பார், மிச்ச ஐந்து நாளும் உங்கள் கையில். ஒற்றைக் காலில் படியிறங்குவது, சுவரில் சாய்ந்து நாற்காலி இல்லாமல் இருப்பது, ஒற்றைக் காலில் முன்குனிந்து எழுவது, பாரம் தள்ளும் இயந்திரம். ஓட்டத்தைச் சிகிச்சையாளர் பார்த்துச் சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும். கண்ணாடி முன்னால் ஒற்றைக் காலில் குந்திப் பாருங்கள்: முழங்கால் உள்பக்கம் சரிந்தால் இன்னும் குதிக்கத் தொடங்க வேண்டாம்.

மாதத்தை எண்ணாமல் காலின் பலத்தை அளந்து பாருங்கள்

ஒன்பது மாதம் என்பது கீழெல்லை, அன்று கதவு தானாகத் திறக்காது. நாட்காட்டியில் எண்ணிப் பார்ப்போம். பெப்ரவரியில் அடிபட்டு ஏப்ரலில் சத்திரசிகிச்சை நடந்தால் டிசம்பருக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. கிறிஸ்மஸ் விடுமுறையை விட்டுவிடுங்கள். பெப்ரவரியைக் குறி வையுங்கள்.

அதற்கு முன் சிகிச்சையாளரிடம் அளவிடச் சொல்லுங்கள். முன்தொடை, பின்தொடைத் தசைகளின் பலம் மற்றக் காலின் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும். ஒற்றைக் காலில் தாவும் தூரத்திலும் அதே அளவு. இதில் ஓர் ஏமாற்று உண்டு: மாதக்கணக்கில் சும்மா இருந்ததால் நல்ல காலும் மெலிந்திருக்கும். மெலிந்த காலின் 90 சதவீதத்தை வைத்து மகிழக்கூடாது. முடிந்தால் காயத்தின் தொடக்கத்திலேயே நல்ல காலை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாவல் சோதனையைக் களைத்த காலோடும் ஒரு தடவை செய்து பாருங்கள். பனிச்சறுக்கில் தொடை எரியத் தொடங்கிய பிறகும் இறங்கியே ஆக வேண்டும், நடுச்சரிவில் உட்கார்ந்துவிட முடியாது. ஐந்து மாடி ஏறி இறங்கிவிட்டு ஒற்றைக் காலில் தாவினால் முழங்கால் உண்மையைச் சொல்லிவிடும்.

முழங்கால் தாங்கி அணிவதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதல் குளிர்காலத்துக்குச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது தசைக்கு ஈடாகாது.

கடையில்

பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கை ஒவ்வொரு பருவத்திலும் சரிபார்க்க வேண்டும். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் விதம் ஆகியவற்றை வைத்து அதன் இறுக்கத்தைக் கணக்கிடுவார்கள். ஓய்வில் எடை கூடியிருந்தால் கூடிய எடையையே சொல்லுங்கள். சறுக்கும் விதத்தைக் கேட்டால் "நிதானமாக" என்று சொல்லுங்கள், பழைய பெருமை வேண்டாம். பைண்டிங் கழல்வது கணுக்கால், கீழ்க்கால் எலும்புகளை நன்றாகக் காக்கிறது. முன் சிலுவை இணையத்தை அப்படிக் காப்பதில்லை.

அதைக் காப்பது விழும் விதம். அமெரிக்காவின் வெர்மான்ட் ஆய்வாளர்கள் 1990களில் விழும் காட்சிகளின் படச்சுருள்களை ஆராய்ந்து, கிழிய வைக்கும் நிலையை அடையாளம் கண்டார்கள்: உடல் பின்னால் சாய்ந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய், எடை முழுதும் சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும் பலகையின் உள்விளிம்பில் விழுந்து, பலகையின் வால் காலைத் திருகும். நான் விழுந்ததும் அப்படியேதான். அதைக் கற்றுக்கொடுத்த சரிவுகளின் மீட்புப் பணியாளர், பயிற்றுநர்களிடையே கடுமையான முழங்கால் காயங்கள் 62 சதவீதம் குறைந்தன. மூன்றை நினைவில் வையுங்கள். கைகள் எப்போதும் முன்னால். பின்னால் சரிந்துவிட்டால் எழும்பப் போராடாமல் பக்கவாட்டில் விழுந்துவிடுங்கள். சறுக்கி நிற்கும் வரை எழாதீர்கள்.

மற்றக் காயங்களைப் பற்றிச் சுருக்கமாக: உள்பக்க இணையம் மட்டும் பாதி கிழிந்திருந்தால் பெரும்பாலும் கத்தி இல்லாமல் ஆறும். ஊன்றுதடியோடு விழுந்து கட்டைவிரலின் அடி வீங்கினால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள், அங்கும் ஓர் இணையம் கிழியும். அதனால் கிள்ளிப் பிடிக்கும் பலம் போய்விடலாம். தலையில் அடிபட்டுத் தலைவலி, குமட்டல், மறதி இருந்தால் அன்று மட்டுமல்ல, மருத்துவர் சொல்லும் வரை சறுக்கக்கூடாது.

முதல் நாள்

பள்ளி விடுமுறை வாரங்களைத் தவிர்த்து ஒரு வார நாளைத் தேர்ந்தெடுங்கள். முந்தின இரவு சமப்படுத்திய நீலச் சரிவு (எளிதான சரிவுக்கு நீல நிறம்), அதிகாலை உறைவு சற்று இளகிய பத்து மணி. புதுப் பனி ஆழமாக விழுந்த நாளும், பிற்பகலில் பனி கூழாகும் நேரமும் வேண்டாம். இழுத்துச் செல்லும் கம்பி லிஃப்டில் இறங்கும்போது கால் திருகலாம், ஆகவே கூண்டு லிஃப்ட் உள்ள இடமாகப் பாருங்கள். அதில் வேறொரு வசதியும் உண்டு: முடியாவிட்டால் அதிலேயே கீழே இறங்கிவிடலாம். நான் என் முதல் நாளில் மூன்று சுற்றுகள் சறுக்கிவிட்டுக் கூண்டில் இறங்கினேன்.

ஒரு பயிற்றுநரை இரண்டு மணி நேரத்துக்கு அமர்த்தினால் அந்தக் காசு வீண்போகாது. காயப்பட்டவர்கள் தெரியாமலே நல்ல காலில் சாய்ந்து, ஒரு பக்கத் திருப்பத்தை ஒழுங்காகச் செய்து மற்றதை இழுத்துச் செல்வார்கள். அதை வெளியிலிருந்து பார்ப்பவரே சொல்ல முடியும்.

பயம் வரும். முழங்கால் சரியாகிவிட்டது என்று அளவுகள் சொன்ன பிறகும் உடல் பின்னால் சாயும். பின்னால் சாய்வதுதான் ஆபத்து என்பதால் பயத்தை அடக்கிவிட்டுப் போவது சரியான வழியல்ல. பனிச்சறுக்கு உலகக் கோப்பையில் வேறெவரையும்விட அதிகம் வென்ற மிக்கேலா ஷிஃப்ரின், 2024 நவம்பரில் அமெரிக்காவின் கில்லிங்டனில் விழுந்து வயிற்றில் குத்துக் காயம் பட்டார். சில மாதங்களில் வேறு போட்டிப் பிரிவில் நூறாவது வெற்றியைப் பெற்றபோதும், விழுந்த அந்தப் பிரிவில் மனம் ஒத்துழைக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். உங்களுக்கும் விழுந்த சரிவு மட்டும் மிரட்டினால் இந்த வருடம் அதற்குப் போகாமல் விடலாம். பக்கத்தில் வேறு சரிவு இருக்கிறது.

கால் களைக்கும் முன்பே நிறுத்துங்கள். "கடைசியாக ஒரு தடவை" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள், என் முழங்கால் போனது அந்தச் சுற்றில்தான்.

மறுநாள் காலை கட்டிலில் இரண்டு கால்களையும் நீட்டி முழங்கால் சில்லின் இருபக்கக் குழிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஒரு நாள் ஓய்வு விட்டு மறுபடி போகலாம், இம்முறை ஒரு மணி நேரம் கூடுதலாக. குழி நிரம்பி, கால் முழுதாக நீளாவிட்டால் நேற்று அதிகமாகிவிட்டது. வீக்கம் வடியும் வரை சைக்கிளும் பயிற்சியும் மட்டும், வடிந்த பிறகு நேற்றைய நேரத்தில் பாதியோடு தொடங்குங்கள். மூன்று நாளிலும் வடியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.